சேரன்மகாதேவியில் கிடந்த பணம்

முப்பத்தொரு வருடம் பாளையங்கோட்டையில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். பிள்ளைகள் பொய் சொன்னால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்குப் பெயர். அப்படிப்பட்டவள், ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணியிலிருந்து மாலை நாலரை வரை செல்போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு, அதில் தெரிந்த காக்கிச் சட்டைக்காரன் சொன்னதையெல்லாம் செய்தேன்.

என் பெயரில் வெளிநாட்டுக்குப் போன பார்சலில் போதை மருந்து இருந்ததாம். என்னை வீட்டுக்குள்ளேயே கைது செய்திருப்பதாகச் சொன்னான். கழிப்பறைக்குப் போகக்கூட அவனிடம் அனுமதி கேட்டேன். என் கணக்கில் இருப்பது நேர்மையான பணம்தானா என்று சரிபார்த்துவிட்டு ஒரு மணி நேரத்தில் திருப்பி அனுப்புவோம் என்றான். இணைப்பைத் துண்டிக்காமல் போனைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வங்கிக்குப் போனேன்.

கவுண்டரில் இருந்த பெண், "இவ்வளவு தொகை யாருக்கு அனுப்புதீங்க டீச்சர்?" என்று கேட்டாள்.

"நான் இடம் வாங்குதேன். உன் வேலையைப் பாரு" என்று சீறினேன்.

அவள் முகம் சுருங்கிப்போனது. பன்னிரண்டு லட்சம் போனது.

மாலையில் அவன் இன்னும் ஐந்து லட்சம் கேட்டான். இல்லை என்றேன். "நகையை அடகு வைங்க" என்றான். எந்தப் போலீஸ்காரனாவது நகையை அடகு வைக்கச் சொல்லுவானா என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. போனைத் தரையில் எறிந்தேன். அது உடையவில்லை. அதிலிருந்தே அம்பாசமுத்திரத்தில் உரக்கடை வைத்திருக்கும் என் தம்பியைக் கூப்பிட்டேன்.

சைபர் குற்றப் பிரிவில் தம்பிதான் பேசினான். நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். புகாரை எழுதிக்கொண்ட ஏட்டு, முன்பு எங்கள் பள்ளி இருந்த தெருவில் குடியிருந்தவர். "டீச்சருக்கேவா?" என்று அவர் கேட்டதை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவரே ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். "அஞ்சு லட்சம் வெளிமாநிலத்துக்குப் போயிட்டு டீச்சர். ஏழு லட்சம் இங்கனதான் கிடக்கு, சேரன்மகாதேவியில. ஒரு பொம்பளை பேருல கணக்கு. எடுக்குறதுக்குள்ள முடக்கியாச்சு."

யாரோ எங்கோ கண்காணாத ஊரில் இருந்துகொண்டு என்னைச் சூறையாடினான் என்று நினைத்திருந்தேன். சேரன்மகாதேவி எனக்கு ஒரு பேருந்து தூரம்.

"நீங்க அங்கன போயிராதீங்க" என்று ஏட்டு எச்சரித்தார். ஆனால் அவர் மேசையில் கோப்பு திறந்து கிடந்தது. வகுப்பில் பிள்ளைகளுக்கு எதிரே நின்று அவர்கள் எழுதுவதைத் தலைகீழாகப் படித்தே பழகியவள் நான். முகவரியை மனத்தில் வாங்கிக்கொண்டு, மறுநாள் காலையே பேருந்து ஏறினேன்.

வயல் ஓரத்துத் தெருவில் ஓட்டு வீடு. வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து, மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள் ஒருத்தி. நாற்பது வயதிருக்கும். பெயரைச் சொல்லிக் கேட்டேன். "நான்தான்" என்றாள், கை நிற்காமல்.

"என் ஏழு லட்சம் உன் கணக்குல இருக்கு."

கை நின்றது. பிறகு எல்லாவற்றையும் அவளே சொன்னாள். லோன் வாங்கித் தருகிறேன் என்று ஒருவன் வந்தானாம். பாஸ்புக், ஏடிஎம் அட்டை, சிம் மூன்றையும் வாங்கிக்கொண்டு மூவாயிரம் ரூபாய் கொடுத்தானாம். அப்புறம் ஆளைக் காணோமாம்.

"மூவாயிரத்துக்கு என் வாழ்நாள் சம்பாத்தியத்தை வித்திருக்கியே?" என்றேன்.

சுளகை இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள். "நானா ஒங்களப் போடச் சொன்னேன்? படிச்ச டீச்சரு நீங்க. போன்ல ஒருத்தன் மிரட்டுனான்னு பணத்தக் கொண்டுபோய்க் கொட்டுனது நீங்க. நான் நாலாங்கிளாஸ். எனக்கு என்ன தெரியும்? ஒங்களால என் கணக்கையும்லா பூட்டிப் போட்டுட்டான். என் பீடிச் சம்பளமும் அதுக்குள்ளதான் கிடக்கு. வந்துட்டாவ நியாயம் கேக்க!"

பக்கத்து வீட்டுக்காரிகள் வெளியே வந்தார்கள். ஒருத்தி சிரித்தாள். நான் திரும்பி நடந்தேன். வெயிலில் நடந்து பேருந்து நிறுத்தம் வந்து சேர்வதற்குள் ஒன்றை முடிவு செய்திருந்தேன்.

அவளைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் போலீஸ் யோசித்திருக்கிறது. நான் விடவில்லை. கணக்கை விற்றவள் குற்றத்துக்குத் துணை போனவள்தான், அவளைக் குற்றவாளியாகச் சேர்க்க வேண்டும் என்று மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு மனு எழுதினேன். நாலு பக்கம். ஒரு பிழை கிடையாது. பத்து நாளில் அவளைக் கைது செய்து பெண்கள் சிறையில் அடைத்தார்கள். செய்தி வந்த அன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டேன். அதுவரைக்கும் பல நாள் சோறு இறங்கவில்லை.

பணத்தை மீட்க வக்கீல் நடுவர் நீதிமன்றத்தில் மனுப் போட்டார். கணக்குக்காரிக்கு நோட்டீஸ் போகும், அவள் தரப்பில் ஆட்சேபணை இல்லையென்றால் சீக்கிரம் முடியும் என்றார். மறுவாரம் அவளுடைய கணவன் வக்கீல் அலுவலகத்துக்கே வந்துவிட்டான். அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவன். என்னைப் பார்க்காமல் வக்கீலைப் பார்த்தே பேசினான்.

"என் வீட்டுக்காரி உள்ள கிடக்கா. ஜாமீனுக்குச் செலவு இருக்கு. ஒரு லட்சம் தரச் சொல்லுங்க, ஆட்சேபணை இல்லன்னு கையெழுத்துப் போடுதோம். இல்லன்னா அது எங்க இடம் வித்த பணம்னுதான் சொல்லுவோம்."

"எந்த இடம்?" என்று நான் கேட்டேன்.

"ஏதாவது ஒரு இடம்" என்றான்.

அவன் போனதும் தம்பி என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனான். "குடுத்துத் தொலைக்கா. ஆறு லட்சமாவது கையில வரும். கேஸ் நடந்தா ஒன் காலத்துக்கும் இழுக்கும்."

"ஒரு பைசா கிடையாது."

"ஒனக்குப் பணம் வேணுமா, இல்ல அவள ஜெயிக்கணுமா?"

"ரெண்டும்."

அவன் பைக்கை எடுத்துக்கொண்டு அம்பாசமுத்திரத்துக்குப் போய்விட்டான். அதற்குப் பின் வாய்தாக்களுக்கு நான் தனியாகவே போனேன்.

அவள் பதினேழு நாளில் ஜாமீனில் வெளியே வந்தாள். சொன்னபடியே கணவன் ஒரு வக்கீலைப் பிடித்து, அது நிலம் விற்ற முன்பணம் என்று ஆட்சேபணை போட்டிருந்தான். மூன்று வாய்தா வீணாய்ப் போயின. நீதிமன்ற வராந்தாவில் இருந்த ஒரே பெஞ்சில் நான் ஒரு முனையிலும் அவள் மறுமுனையிலுமாக உட்கார்ந்திருப்போம். சிறையிலிருந்து வந்தபின் அவள் மெலிந்திருந்தாள். ஒருமுறை இருமிக்கொண்டே இருந்தாள். என் பையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. நான் எடுக்கவில்லை.

நாலாவது வாய்தாவில் நடுவர் அவளையே கூப்பிட்டு நேராகக் கேட்டார். "இந்த ஏழு லட்சம் உங்க பணமாம்மா?"

அவளுடைய வக்கீல் எழுந்தார். நடுவர் கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார்.

அவள் பைய நிமிர்ந்தாள். "இல்லங்கய்யா. எங்களுக்கு இடமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது அந்த டீச்சரு பணம்தான். என் பீடிச் சம்பளம் நாலாயிரத்துச் சொச்சம் அதுல கிடக்கு. அது மட்டும்தான் என்னோடது. அத மட்டும் எனக்குக் குடுத்துருங்க."

கதவருகே நின்றிருந்த கணவன் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே போனான். அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது என்று எழுதினால் பொய். உண்மையைச் சொல்லி என் கோபத்தின் காலை வாரிவிட்டாளே என்றுதான் தோன்றியது. வெளியே வந்ததும் என் வக்கீல் கேட்டார்: "அந்த நாலாயிரத்த விடுவிக்க நமக்கு ஆட்சேபணை இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிரலாமா டீச்சர்?"

"அது நம்ம வேலை இல்லை" என்றேன்.

பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்து ஏழு லட்சத்தைப் பெற்றுக்கொள்ள உத்தரவானது. ஆனால் உத்தரவு வேறு, பணம் வேறு. சேரன்மகாதேவிக் கிளையின் மேலாளர், "தலைமை அலுவலகத்துல இருந்து மெயில் வரணும்" என்றார். திங்கட்கிழமைதோறும் போனேன். ஆறாவது திங்கள், மெயில் வரும்வரை எழுந்திருக்கமாட்டேன் என்று அவர் அறைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டேன். நீதிமன்ற அவமதிப்பு என்ற சொல்லை மட்டும் அரை மணிக்கு ஒருமுறை சொன்னேன். மூன்றே முக்காலுக்கு மெயில் வந்தது.

மீதி ஐந்து லட்சம் இன்றுவரை வரவில்லை. காக்கிச் சட்டைக்காரன் யாரென்றும் தெரியவில்லை. லோன் தருகிறேன் என்று வந்தவனும் அகப்படவில்லை. அகப்பட்டது அவள் ஒருத்திதான். சபைக் குருவானவரின் மனைவி ஞாயிறு ஆராதனை முடிந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிருங்களேன் டீச்சர், மனசு லேசாகும்" என்றார். "என் மனசு எவ்வளவு கனம்னு நான் உங்ககிட்ட சொன்னேனா?" என்று கேட்டுவிட்டுக் கையை உருவிக்கொண்டேன்.

போன மாதம் ஒரு முற்பகலில் அழைப்புமணி அடித்தது. திறந்தால் அவள். கையில் ஒரு தாள். கணக்கில் மீதமிருப்பதை விடுவிக்கப் புகார்தாரருக்கு ஆட்சேபணை இல்லை என்று சட்ட உதவி மையத்தில் தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறார்கள்.

"உள்ள வா" என்று நான் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. வாசலில் நின்றபடியே வாசித்தேன்.

"வேற கணக்கு தொடங்க முடியலையா?" என்று கேட்டேன்.

"எந்த பேங்குலயும் சேக்கமாட்டேங்கான். பீடிக் கடைக்காரரு சம்பளத்த கணக்குலதான் போடுவேங்காரு. ஒம்பது மாசமா என் மச்சான் கணக்குல போடுதாவ. அவரு பாதி எடுத்துக்கிடுதாரு."

"உன் புருஷன்?"

"அவரு போயிட்டாரு. கோர்ட்டுல அப்படிச் சொன்னதுல இருந்து வீட்டுக்கு வாரதில்ல."

நான் பேனாவை எடுத்து வந்து, சுவரில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். மன்னித்துவிட்டேன் என்று அதற்கு அர்த்தமில்லை. என்னை மன்னிப்பாயா என்று யாராவது அவளிடம் கேட்டிருந்தால் அவளும் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பாள். தாளை நீட்டினேன்.

வாங்கியவள் உடனே போகவில்லை. கையெழுத்தை உற்றுப் பார்த்தாள்.

"தேதி போடல" என்றாள்.

தாளைத் திரும்ப வாங்கித் தேதி போட்டுக் கொடுத்தேன். நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, வாரேன் என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கிப் போனாள்.