சாந்தம்மாள் தட்டிய கொழு

ஜோசபின் 1975இல் நெல்லிவாசல்நாட்டுக்கு நர்சாக ஏறிப் போனபோது, அந்தச் சிற்றூரில் அவள் ஒருத்திதான் கிறிஸ்தவள். மலையடிவாரத்தில், ஒடுகத்தூர்ப் பக்கத்து அவள் ஊரில் மாலையில் மாதா கோயில் மணி அடித்தால், அடுப்பில் உலை கொதித்தாலும் முழங்கால் தானாக மடங்கும். மலையில் கோயிலும் இல்லை, மணியும் இல்லை. பிரசவம் பார்க்க மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடந்துவிட்டு வந்ததும் படுத்துவிடுவாள். மூன்று வேளை ஜெபம் ஒரு வேளையானது. பிறகு அதுவும் நின்றது.

எதிர்வீட்டுச் சாந்தம்மாள் சாமை புடைத்துக்கொண்டிருந்த ஒருநாள், ஜோசபின் பேச்சோடு பேச்சாக அவளிடம் இதைச் சொன்னாள்.

"மணி அடிச்சாத்தான் சாமி கும்புடுவியா? நல்லா கீது உன் பக்தி!" என்று சாந்தம்மாள் சிரித்தாள்.

மறுநாள் தேய்ந்துபோன இரும்பு ஏர்க்கொழு ஒன்றைத் தன் வாசல் புளியமரத்தில் கட்டித் தொங்கவிட்டாள். பொழுது சாய்ந்ததும் அதை ஒரு கல்லால் தட்டினாள். இத்தனை தட்டு என்ற கணக்கெல்லாம் அவளுக்குக் கிடையாது. எதிரே ஜோசபின் முழங்காலிடுவது கண்ணில் படும்வரை தட்டுவாள். பட்டதும் கல்லைப் போட்டுவிட்டு மாடு கட்டப் போவாள்.

ஜோசபின் எழாமல் கிடந்த நாட்களில் சாந்தம்மாள் அவள் வாசலுக்கே வந்துவிடுவாள்.

"காதுல வுழலியா? நான் இன்னா வேலவெட்டி இல்லாமலா அடிச்சிக்கினு கீறேன்?"

"கால் வலிக்குதுக்கா."

"உக்காந்துகினு சொல்லு. உங்க சாமி கோச்சிக்க மாட்டாரு. நீ சும்மா படுத்துக் கெடந்தா நான்தான் கோச்சிக்குவேன்."

சாந்தம்மாள் கும்பிட்ட தெய்வம் வேறு. ஆனாலும் ஜோசபினின் ஜெபம் ஒருநாள்கூடத் தவறிப்போக அவள் விட்டதில்லை.

பெரிய வியாழனன்று கோயில் மணி ஓய்ந்தால், ஆண்டவர் உயிர்த்தெழும்வரை அடிக்கமாட்டார்கள் என்று ஜோசபின் சொல்லியிருந்தாள். சாந்தம்மாளும் அதைப் பிடித்துக்கொண்டாள். ஜோசபின் புனித வாரத்துக்கு ஊருக்கு இறங்கினால் கொழுவும் மௌனமாகிவிடும். திரும்பி வரும்போது பள்ளத்திலிருந்தே, "எழுந்துட்டாருக்கா!" என்று ஜோசபின் கூவுவாள். மேலே கொழு கணகணவென்று ஒலிக்கும்.

1982இல் அந்தக் கூவல் இல்லாமல் போயிற்று. உயிர்ப்புக்கு முந்தின நாளான பெரிய சனிக்கிழமை அவள் தாய் தெரசம்மாள் பக்கவாதத்தில் விழுந்தாள். ஜோசபின் மாற்றல் வாங்கிக்கொண்டு அடிவாரத்திலேயே தங்கிவிட்டாள். அங்கே நல்ல வெண்கல மணி. முதல் அடியிலேயே மண்டியிடுவாள். ஆனால், மண்டியிட்டாளா என்று எட்டிப் பார்க்க எதிரே யாரும் இல்லை. ஜெபம் முடிந்தும் எழாமல் மலைப்பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள். 'ஒருநாள் போய் அக்காவைக் கும்பிட்டுவிட்டு வர வேண்டும்' என்று நினைப்பாள். உள்ளே தாய் முனகுவாள். எழுந்து போவாள்.

அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் ஒடுகத்தூர்ச் சந்தையில் சாந்தம்மாளின் பங்காளி சடையனைக் கண்டாள்.

"சாந்தக்கா எப்படி கீறாங்க?"

"கீது நர்சம்மா. அந்தக் கொழுவைத்தான் ஒருத்தரையும் தொட வுடமாட்டேங்குது. 'சாமி இன்னும் எழுந்திருக்கல, நர்சம்மா வந்து சொல்லட்டும்'னு ஒக்காந்துகினு கீது."

ஒன்றரை ஆண்டாக அந்த வாசலில் பெரிய சனிக்கிழமை முடியவே இல்லை. ஜோசபின், சந்தைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் தாயை இரவுவரை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சடையன் ஏறிய அதே ஜீப்பில் ஏறினாள். வழியெல்லாம் அக்காவிடம் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டே போனாள்.

சாந்தம்மாளின் ஊருக்கு எதிர்மலை வளைவில் ஜீப் நின்றது. சிறுபாலத்தை மழை அடித்துப் போயிருந்தது.

"இதுக்கு மேல சக்கரம் போவாதும்மா" என்றார் ஓட்டுநர் தீர்த்தகிரி. "நடந்து போனா இன்னிக்குத் திரும்ப முடியாது. இன்னா பண்றீங்க?"

புளியமரத்தின் உச்சி இங்கிருந்தே தெரிந்தது. படுக்கையில் கிடக்கும் தாயும் நினைவில் நின்றாள். ஜோசபின் கழுத்திலிருந்த ஜெபமாலையைக் கழற்றினாள்.

"சடையா, நீ குறுக்கால இறங்கிப் போய் அக்காகிட்ட இதைக் குடு. நான்தான் சொல்லி அனுப்பினேன்னு நம்புவாங்க."

"இன்னான்னு சொல்லட்டும்?"

அடுக்கி வைத்திருந்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டாள்.

"எழுந்துட்டாருன்னு சொல்லு. போதும்."

சடையன் புதருக்குள் மறைந்தான். தீர்த்தகிரி பீடி பற்றவைத்தார், அணைத்தார், வானத்தைப் பார்த்தார்.

"இருட்டப் போவுதும்மா. யாரு எழுந்தாங்கன்னு தெரியல, நாம வுழாம எறங்கணும்."

"கொஞ்சம் பொறுங்கண்ணே."

பனி மூடிப் புளியமரமும் மறைந்தது. அவர் சலித்துக்கொண்டு ஜீப்பைக் கிளப்பியபோது, பள்ளத்துக்கு அப்பாலிருந்து அந்த ஓசை வந்தது. தீர்த்தகிரி தாமாகவே எஞ்சினை நிறுத்தினார்.

ஜோசபின் சேற்றுப் பாதையில் முழங்காலிட்டாள். ஜெபத்தைச் சொல்லி முடித்தாள். கொழு நிற்கவில்லை. இவள் மண்டியிட்டதைப் பார்த்தால்தானே அக்கா நிறுத்துவாள்? நடுவே மலைப்பள்ளமும் பனியும் கிடந்தன. ஜோசபின் எழுந்து நின்று, மறுபடியும் முழங்காலிட்டாள்.

ஜீப் வளைவுகளில் இறங்கும்போதும் மேலே சாந்தம்மாள் தட்டிக்கொண்டே இருந்தாள்.