மூன்றாவது பாடகன்

நான் ஒரு மடையன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து வருத்தப்பட வேண்டாம். போன மாதம் மகன் என் ஃபோனில் பாட்டுக் கேட்கும் ஆப் ஒன்றைப் போட்டுத் தந்தான். திறந்த உடனே அது, பிடித்த பாடகர் மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. கல்யாணப் பதிவில் கையெழுத்துக் கேட்டதுபோல எனக்கு வியர்த்துவிட்டது. சாகும்வரை அந்த மூன்று பேரைத்தான் கேட்க முடியும் என்று நினைத்துக்கொண்டேன். முதல் இருவரும் சினிமாக்காரர்கள். அதில் ஒருவரை மனைவிக்குப் பயந்து போட்டேன். மூன்றாவது இடத்தில் விரல் நின்றுவிட்டது.

"பெறகு மாத்திக்கலாம்ப்பா," என்றான் மகன். அவன் பதுளை டவுனில் வளர்ந்தவன். எதையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நம்புகிறவன்.

யோசித்து யோசித்து ஃபோனை அடுப்பு ஓரமாக வைத்து மறந்தும் போனேன். அதன் தோல் உறை சூடேறி ஒரு வாசனை கிளம்பியது. மனைவி திட்டிக்கொண்டே ஓடிவந்தாள். எனக்கோ அந்த வாசனையில் வேறு ஒரு நெருப்பு தெரிந்தது. கூத்துக்கு முன்னால் வைக்கோலைக் கொளுத்தித் தப்பு மேளத்தின் தோலைக் காய்ச்சும்போது வரும் வாசனை அது. உறை கருகிய ஃபோனை எடுத்து, மூன்றாவதாக 'மருதை' என்று அடித்தேன். அப்படி யாரும் இல்லை என்றது. மலை சரிந்தபோது மண்ணைத் தோண்டியவர்களும் கடைசியில் இதையேதான் சொன்னார்கள்.

மருதை என் கூட்டாளி. பண்டாரவளைக்குக் கீழே ஒரு தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான ஒரே லயத்தில், அடுத்தடுத்த காம்பிரா அறைகளில் வளர்ந்தோம். பிறகு நான் பதுளையில் ஓர் இரும்புக் கடைக்கு வேலைக்குப் போனேன். அவன் தேயிலை ஃபெக்டரிக்குப் போனான். ஆனாலும் மாசி மாதம் காமன் கூத்து என்றால் நான் எப்படியாவது லீவு வாங்கிக்கொண்டு போய்விடுவேன். அவன்தான் ரதி. சிவன் மன்மதனை எரித்துவிடுவார், ரதி அழுவாள், அந்த அழுகைக்கு இரங்கி அவர் அவனுக்கு உயிர் கொடுப்பார், ஆனால் அவள் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். கதை அவ்வளவுதான். மீசை முளைத்தவன் சேலை கட்டிக்கொண்டு அழுதால் சிரிப்பு வராதா என்று கேட்பீர்கள். வராது.

எனக்கும் அந்தக் கூத்தில் ஒரு பெரிய பொறுப்பு இருந்தது. சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்கும்போது வாணத்தைக் கொளுத்த வேண்டும். அது கயிற்றில் ஓடிப்போய்க் காமன் கம்பத்தைப் பற்றவைக்கும். ஒரு வருஷம் பீடி பற்றவைத்த கையோடு வாணத்தையும் பற்றவைத்துவிட்டேன். சிவன் அப்போதுதான் புலித்தோலுக்கு ஊக்கு தேடிக்கொண்டிருந்தார். யாருக்கும் கோபம் வருவதற்கு முன்பே மன்மதன் எரிந்துபோனான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. என்னைப் பிடித்து எரிகிற கம்பத்திலேயே கட்டச் சொன்னவர்களும் உண்டு.

அப்போது மருதை ஓடிவந்தான். பாதி முகத்துக்குத்தான் மாவு பூசியிருந்தது. அவன் அம்மாவின் சேலையில் பூச்சி உருண்டை வாசனை. நெருப்பின் முன்னால் உட்கார்ந்து ஒப்பாரியைத் தொடங்கினான். முதல் அடி முடிவதற்குள் சிரிப்பு நின்றது. இரண்டாவது அடியில் பெண்கள் முந்தானையை எடுத்தார்கள். தப்படிக்கிறவர் அடிக்க மறந்து நின்றார்.

"சொல்லாம கொள்ளாம எரிச்சிட்டியேடா," என்றான் பிறகு என்னிடம். "நெசமாவே அழுக வந்துருச்சு."

பல வருஷங்களுக்குப் பிறகு, விடாமல் மழை பெய்த ஒரு காலையில், மலை எங்கள் லயத்தின்மேல் இறங்கியது. அதுவும் யாரிடமும் சொல்லவில்லை. நான் அந்த நேரம் பதுளையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேன்.

இப்போதும் சில விடியல்களில் ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுத் தப்பு கேட்டு எழுந்து உட்காருகிறேன். டவுனில் ஏது தப்பு? மனைவி போர்வையை இழுத்து விடுவாள். அதுகூடப் பரவாயில்லை. கண்ணை மூடினால் மருதையின் வாய் அசைகிறது. வருகிற குரலோ நான் மனைவிக்குப் பயந்து தேர்ந்தெடுத்த அந்தச் சினிமாக்காரருடையது. என் கூட்டாளியின் குரலை நான் மறந்துகொண்டிருக்கிறேன். ஆப் கேட்ட கேள்வியில் அதுதான் தெரிந்தது.

அந்தக் குரல் ஒரே ஓர் இடத்தில் இருக்கிறது. மருதையின் தங்கச்சி லெட்சுமி கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்குப் போனபோது, கூத்துப் பார்க்க முடியாதே என்று அழுதாள். அவளுக்காக அவன் ரதியின் ஒப்பாரியை என்னுடைய ரேடியோவில் ஒரு கேசட்டில் பாடிக் கொடுத்தான். பேட்டரிக்கு உயிர் வரட்டும் என்று தகரத்தின்மேல் வெயிலில் காயவைத்து எடுத்தோம். நடுவில் நான் தும்மியதும் அதில் இருக்கும். உலகத்தில் நான் கொடுத்த ஒரே கச்சேரி. கேசட்டும் லெட்சுமியும் கொழும்பில் இருந்ததால் தப்பினார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை, ரேடியோ திருத்துகிறவரிடம் ஒரு கேசட் பிளேயரை இரவல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். லயம் இருந்த இடத்தில் மானாப்புல் ஆள் உயரம் நிற்கிறது. கூத்துப் பொட்டல் எந்தப் பக்கம் என்று பஸ்ஸிலிருந்து கை காட்டக்கூட முடியவில்லை. பிழைத்தவர்களுக்குக் கட்டிக் கொடுத்த வீடுகளில் கடைசி வீடு, கொழும்பிலிருந்து திரும்பிவந்த லெட்சுமியுடையது. அங்கே மாசியில் கம்பம் நடுவதில்லை. ரதிக்கு ஆள் இல்லையாம்.

பிளேன்டீ கொடுத்தாள். நான் ஃபோனைக் காட்டி விளக்கினேன்: ஒரு தடவை ஓடவிட்டால் இதில் பிடித்துக்கொள்வேன், உனக்கும் போட்டுத் தருவேன், எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். அவள் எழுந்துபோய் பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்து, துணியைப் பிரித்து, கேசட்டை என் கையில் வைத்தாள். கனமே இல்லை. கடைசியாக எப்போது கேட்டாய் என்றேன். அண்ணன் போனதிலிருந்து கேட்கவில்லை என்றாள்.

"ஒரே ஒரு தடவ, தங்கச்சி. அவன் கொரலு எனக்கு மறந்துகிட்டு வருது."

லெட்சுமி என் கையிலிருந்து கேசட்டை எடுத்து, மறுபடி துணியில் சுற்றினாள்.

"போட்டா தேஞ்சிரும்ண்ணே."