கோபி எடுத்த மூன்று முடிச்சு

எங்கள் உத்திரமேரூர் ஸ்டூடியோவில் இன்று புது சாஃப்ட்வேர் போட்டார்கள். தொடர்ச்சியாக எடுத்த போட்டோக்களின் ஃபோல்டரைக் காட்டினால் சினிமா மாதிரி ஓட்டும். அம்புக்குறியைத் தட்டினால் ஒவ்வொரு படமாக நகரும்.

சாலவாக்கம் கல்யாணத்தை நானும் கோபியும் சேர்ந்துதான் எடுத்தோம். அதை ஓட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த முகூர்த்தத்துக்கு யார் மெயின் கேமரா என்று சொல்வதாக முதலாளி சொல்லியிருந்தார்.

நான் 1, 2, 3 என்று படங்களுக்குப் பெயர் வைத்திருந்தேன். சாஃப்ட்வேரோ 1 முடிந்ததும் 10-க்குத் தாவியது. மாப்பிள்ளை மாலை மாற்றிவிட்டு, அப்புறம்தான் காரிலிருந்து இறங்கினார்.

"நம்பருக்கு முன்னாடி சைபர் போடுண்ணா, வரிசையா வந்துடும்," என்றான் கோபி. எனக்கு அப்புறம் வேலைக்குச் சேர்ந்தவன்!

அவன் படங்களில் ஒரு குறையாவது சிக்காதா என்று அவன் ஃபோல்டரைத் திறந்து, ஒவ்வொன்றாகத் தட்டினேன். மூன்று முடிச்சும் அவ்வளவு துல்லியம். வயிறு எரிந்தது.

குறையும் சிக்கியது. எல்லோரும் அட்சதை போட, ஒருத்தன் மட்டும் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, எடுப்பவனையே முறைத்துக்கொண்டு நிற்கிறான். தட்டத் தட்ட, அடுத்தடுத்த படத்திலும் அதே முறைப்பு.

நான்தான்.

பின்னாலிருந்து முதலாளி குரல்: "தாலி கட்டச்சொல்ல இன்னாபா பண்ணிக்கினு இருந்த? அதான் உன் ஃபோல்டர்ல தாலியே காணோமா?"

படத்திலிருந்து ஒரு ஆளை மட்டும் அழிப்பது எப்படி? தெரிந்தவர்கள் கீழே கமெண்டில் சொல்லுங்கள்.

கோபிக்குத் தெரியும். அவனைக் கேட்க மாட்டேன்.