இருபத்துமூன்று பேருக்கு ஒரு அத்தை

அத்தையிடம் நியாயம் பேசி ஜெயித்தவர் அந்த வீட்டில் யாரும் கிடையாது. ரொட்டி வெட்டும்போது ஒரு துண்டு கொஞ்சம் தடித்துவிட்டால் ஓரத்தைக் கிள்ளி அடுத்த தட்டில் வைப்பாள். பேன் சீப்பைக் கையில் எடுத்தால் ஆளுக்கு ஐம்பது இழுப்பு. பேன் இருந்தாலும் ஐம்பது, இல்லாவிட்டாலும் ஐம்பது. "என் தலையிலதான் பேனே இல்லையே அத்தை" என்று யாராவது முனகினால், "இன்னைக்கு உனக்குக் குறைச்சா, நாளைக்கு நீயே வந்து எனக்கு மட்டும் ஏன் குறைச்சீங்கன்னு நிப்ப" என்பாள். சொல்லிக்கொண்டே முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று இழுத்துக்கொண்டிருப்பாள்.

பிறக்கும்போதே யாரும் அத்தையாகப் பிறப்பதில்லை. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். புருஷன் எலக்ட்ரீஷியன், அப்புறம் வேதம் படித்துப் போதகரானவர். வெளிநாட்டில் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் இருக்கிறது, நடத்த ஆள் வேண்டும் என்று சபையில் கேட்டபோது எல்லோரும் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள். இவர்களும் அப்படித்தான் பார்த்தார்கள். பக்கத்து ஆளாக ஒருவருக்கு மற்றவர்தான் இருந்தார். மூன்று வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நான்கு பெட்டிகளோடு வந்து இறங்கினார்கள். ஆறு வருஷம் ஓடிவிட்டது.

அந்த ஊர் மொழியை அவள் கற்றுக்கொண்ட லட்சணத்தைப் பிள்ளைகள் இன்றைக்கும் நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். பழிக்குப் பழியாக அவளும் தன் மொழியை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டாள். இப்போது இருபத்திரண்டு பேரும் அவளிடம் எதிர்த்துப் பேசுவதே அவள் மொழியில்தான். அவள் அத்தை, அவர் மாமா. இருபத்துமூன்றாவதாக ஒருத்தி உண்டு. அவளும் அத்தை, மாமா என்றுதான் கூப்பிடுவாள். பெற்ற மகள் அவள். ஒன்பது வயது. ஆள் சிறுசாக, துறுதுறுவென்று இருப்பதால் எல்லோருக்கும் சுண்டு.

பெற்ற மகள் எதற்குத் தாயை அத்தை என்று கூப்பிட வேண்டும்? அங்கேதான் இருக்கிறது விஷயம்.

வந்த முதல் நாள் மத்தியானம், நீளச் சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். சுண்டு டம்ளரைத் தட்டிவிட்டு "அம்மா" என்று அழுதாள். எதிரே ஒரு எட்டு வயதுப் பெண் வாய்க்குக் கொண்டுபோன கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் தாய் இறந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தச் சொல் எந்த மொழியில் கேட்டாலும் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும் போலிருக்கிறது. தட்டைப் பார்த்தபடியே சத்தமில்லாமல் அழுதாள்.

அன்றைக்கு ஜெபத்துக்கு முழங்கால் போட்ட அத்தை ஒரு பொருத்தனை செய்துகொண்டு எழுந்தாள். ஆண்டவரே, இவர்களுக்கு இல்லாததை என் பிள்ளை மட்டும் இவர்கள் எதிரில் வைத்துத் தின்ன விடமாட்டேன். அதிலிருந்து சுண்டு 'அம்மா' என்றால் திரும்பமாட்டாள். காது கேட்காதவள் மாதிரி பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். 'அத்தை' என்றால் ஓடிப்போய்த் தூக்கிக்கொள்வாள். மூன்று வயசுக் குழந்தை எத்தனை நாள் தாங்கும்? எட்டாம் நாள் பழகிவிட்டது. கட்டிலும் மற்றப் பெண்களோடு வரிசையில். சட்டைக் காலரில் மற்றவர்களுக்கு இருப்பது போலவே சிவப்பு நூலில் ஒரு எண், சுண்டுவுடையது ஏழு.

அந்த எட்டு நாளும் அத்தைக்கும் சுலபமாக இருக்கவில்லை. ஆனாலும் பிடித்த பிடியை விடவில்லை. நான் சொல்கிறேன், நல்லவர்களுடைய பிடிவாதத்தைப் போல ஒரு பொல்லாத பிடிவாதம் கிடையாது. கெட்டவனையாவது நாலு பேர் கண்டிப்பார்கள். நல்லவளை யார் கண்டிப்பது? மாமா ஒரு தடவை வாயைத் திறந்து பார்த்தார். "நீங்க சும்மா இருங்க" என்றாள். சும்மா இருந்துவிட்டார்.

இத்தனைக்கும் அந்த வீட்டில் பிள்ளைகளைக் கேட்காமல் எதுவும் நடக்காது. சனிக்கிழமை காலைச் சாப்பாடு முடிந்ததும் அதே மேஜையில் கூட்டம். எந்தச் சட்டத்தையும் யாரும் கேள்வி கேட்கலாம். கை தூக்க வேண்டியதுதான், ஆளுக்கு ஒரு ஓட்டு, பெரியவர்களுக்கும் ஒன்றே ஒன்று. குளிக்கும்போது பாடக்கூடாது என்று மாமா கொண்டுவந்த சட்டம் இருபத்துநாலுக்கு ஒன்று என்று தோற்றது. அவர் பெண்டாட்டியே எதிராகக் கை தூக்கினாள். ஆனால் அம்மா என்று கூப்பிடக்கூடாது என்ற சட்டம் மட்டும் ஒரு சனிக்கிழமைகூட மேஜைக்கு வந்ததில்லை.

இந்த வருஷம் அத்தையின் அக்கா போனில் சொன்னாள். "சுண்டுவை இங்க அனுப்புடி. ரெண்டு தெரு தள்ளி நல்ல ஸ்கூல் இருக்கு. என் பிள்ளைங்களோட பிள்ளையா வளரட்டும்." அத்தை சிரித்துக்கொண்டே சுண்டுவிடம், "பெரியம்மா வீட்டுக்குப் போறியாடி?" என்று கேட்டாள். மாட்டேன் என்பாள், அதை அக்காவிடம் சொல்லிப் பெருமை அடித்துக்கொள்ளலாம் என்று நினைப்பு.

"போறேன்" என்றாள் சுண்டு.

கேட்டது அத்தையேதான், அதனால் வாயை மூடிக்கொள்ள வேண்டியதாயிற்று. நல்ல படிப்பு கிடைக்கும், பிள்ளை ஆசைப்படுகிறாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டு டிக்கெட்டும் எடுத்தார்கள். கிளம்பப் பதினோரு நாள் இருக்கும்போது அக்கா மறுபடி கூப்பிட்டாள். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் அக்கா.

"உன் பொண்ணு என்கிட்ட என்ன கேட்டா தெரியுமா? 'நான் அங்க வந்தா உங்களை அம்மான்னு கூப்பிடலாமா பெரியம்மா'ன்னு கேட்டா. எனக்குக் கண்ணே கலங்கிப்போச்சுடி. தாராளமா கூப்பிடு தங்கம்னு சொன்னேன்."

"சரிக்கா" என்றாள் அத்தை. போனை வைத்துவிட்டு, கழுவிக் கவிழ்த்திருந்த டம்ளர்களை எல்லாம் எடுத்து மறுபடி கழுவினாள்.

பின்கட்டில் மாமா தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் போய்ச் சொன்னாள். அவர் ஸ்பேனரைத் துணியில் துடைத்தார்; அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"அப்பான்னு கேட்டு எனக்கும் ஆறு வருஷமாச்சு" என்றார்.

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"சும்மா இருங்கன்னியே."

அவளுக்குச் சுருக்கென்றது. "இப்ப என்னங்க செய்யறது?"

"சனிக்கிழமை கூட்டத்துல வை."

"எதை வைக்கச் சொல்றீங்க? அவளுக்கு அம்மா இருக்கா, உங்களுக்கு இல்ல, சம்மதம்னா கை தூக்குங்கன்னா? நான் மனுஷியா, வேற எதுவுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜெபம் பண்ணினாள். உமக்காகத்தானே செய்தேன் என்று ஆரம்பித்தாள். பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். ஆண்டவர் எப்போது கேட்டார்? கேட்காததைக் கொடுத்துவிட்டு, அதுவும் தன் கையில் இருப்பதைக் கொடுக்காமல் குழந்தையின் கையில் இருந்ததைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டு, ஆறு வருஷமாக அதைத் தியாகம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. இதற்கு மேல் என்ன ஜெபிப்பது என்று தெரியாமல் எழுந்துவிட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் சுண்டுவின் சட்டைகளை எடுத்துவைத்துக்கொண்டு, காலரில் இருந்த ஏழாம் எண்ணை ஊசியால் பிரித்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா வீட்டில் எண் எதற்கு? உதவிக்கு வக்கீல் வந்து உட்கார்ந்தாள். வக்கீல் என்பது பட்டப்பேர். வயது பதினாலு, அந்த வீட்டில் மூத்த பெண், வாய் ஓயாமல் வாதாடுவதால் வந்த பேர். முதல் நாள் கரண்டியைக் கீழே வைத்து அழுத அதே பெண்தான்.

"அத்தை, இவ எதுக்குப் போறா?"

"படிக்க."

"இங்க நாங்க எல்லாம் படிக்காம மாடா மேய்க்கிறோம்? உண்மையைச் சொல்லுங்க."

அத்தை நூலை இழுத்தாள்.

"அப்ப நான் சொல்றேன்" என்றாள் வக்கீல். "ஸ்கூல்ல அவ சிநேகிதிகிட்ட, எனக்கும் அம்மா உண்டு, ஆனா கூப்பிடக்கூடாதுன்னு சொல்லியிருக்கா. அந்தப் பொண்ணு சிரிச்சிருக்கு. இவ வந்து தலையணையைக் கடிச்சுக்கிட்டு அழுதா. இதை யாரு செஞ்சது?"

"நான்தான்" என்றாள் அத்தை. "உனக்காகத்தான் செஞ்சேன். வந்த அன்னைக்கு நீ அழுதியே."

வக்கீல் கையில் இருந்த சட்டையை மடியில் வைத்தாள். அவள் இதை எதிர்பார்க்கவில்லை.

"அழுதேன்" என்றாள் பிறகு. "ஒரு நாள் அழுதேன் அத்தை. நான் ஒரு நாள் அழுததுக்கு அவளுக்கு ஆறு வருஷமா? எங்கம்மா செத்துட்டாங்க. அது எனக்குத் தெரியும். நீங்க மறைச்சு வச்சா அவங்க எந்திரிச்சு வரப்போறாங்களா? ஸ்கூல் வாசல்ல தினம் எத்தனை அம்மா வந்து நிக்கிறாங்க. அதையெல்லாம் பார்த்து நாங்க செத்தா போயிட்டோம்? இருக்கிற அம்மாவையும் இல்லாம ஆக்கினா எங்களுக்கு என்ன கிடைக்குது? என்னைக் கேட்டா போட்டீங்க இந்தச் சட்டத்தை?"

அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. இருபத்துமூன்று பேருக்கு ரொட்டியை இம்மி பிசகாமல் பங்கு போடத் தெரிந்தவள், இந்த ஒரு கணக்கில் கோட்டை விட்டிருக்கிறாள். "கேட்கல" என்றாள். "தப்புதான்டி."

"சனிக்கிழமை நான் கேட்கிறேன்."

கேட்டாள். காலைச் சாப்பாட்டுத் தட்டுகளைக்கூட எடுத்திருக்கவில்லை. எழுந்து நின்று, கனைத்துக்கொண்டு, நிஜ வக்கீல் தோற்றுப்போகும் தோரணையில் விஷயத்தைச் சொன்னாள். சுண்டு தலையைக் குனிந்துகொண்டு மேஜை விரிசலில் இருந்த ரொட்டித் தூளை நோண்டிக்கொண்டிருந்தாள். அத்தை மடியில் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டாள். யாராவது ஒரு பிள்ளை கரண்டியைக் கீழே வைத்தாலும் இதை அதோடு விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். டிக்கெட் எடுத்தபடியே சுண்டு போகட்டும்.

யாரும் கரண்டியை வைக்கவில்லை. ஒருவன் இரண்டாவது துண்டு ரொட்டி கேட்டான். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், "அப்ப நாங்களும் அம்மான்னு கூப்பிடணுமா? என்னால முடியாது. எங்கம்மா எங்கம்மாதான்" என்றான். வேண்டியதில்லை என்றாள் வக்கீல். அப்படியென்றால் சரி என்று உட்கார்ந்தான்.

எல்லோரிலும் கடைசி, நாலு வயதுப் பட்டாணி, நாற்காலியில் ஏறி நின்றாள். "எனக்கு அத்தைதான் வேணும். அம்மா எல்லார் வீட்டுலயும் இருக்கு. அத்தை நம்ம வீட்டுலதான் இருக்கு."

சட்டத்தை எடுத்துவிட இருபத்திரண்டு கைகள் மேலே போயின. மாமா இரண்டு கைகளையும் தூக்கினார். "ஒரு ஓட்டுதான் மாமா" என்று வக்கீல் அதட்ட, ஒன்றை இறக்கிக்கொண்டு அதே கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தையும் தூக்கினாள். சுண்டு மட்டும் தூக்கவில்லை. ரொட்டித் தூளை நோண்டிக்கொண்டே இருந்தாள்.

சட்டம் போய்விட்டது. ஆனால் சொல் வரவில்லையே. அன்றைக்கு முழுக்க அத்தை சுண்டுவின் பின்னாலேயே சுற்றினாள். காரணமில்லாமல் பின்னலை அவிழ்த்துப் பின்னிவிட்டாள், கேட்காத பாலைக் காய்ச்சிக் கொடுத்தாள். "போதும் அத்தை" என்றாள் சுண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பக்கத்தில் உட்கார்ந்தபோதும், "பாட்டுப் புத்தகம் கொடுங்க அத்தை" தான். ஆறு வருஷம் பழக்கியதை ஒரு கை தூக்கலில் மாற்ற முடியுமா? நாமே அறுத்த மரம், நிழல் எங்கே என்று கேட்டால் எப்படி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பெட்டி கட்டி முடித்துக் கட்டிலுக்கு மேலே பரணில் ஏற்றியாகிவிட்டது.

ஞாயிறு சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் பள்ளிக்கூடம், இருபத்துமூன்று சீருடை. காலர் எண்ணைப் பார்த்துப் பார்த்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டே நகர்ந்தாள். மறுமுனையில் வக்கீல் படுக்கை விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள்.

"அம்மா."

அத்தை பதினொன்றாம் எண்ணை மடித்தாள். கீழே தெருவில் ஏதோ பிள்ளை தாயைக் கூப்பிடுகிறது.

"அம்மா."

பதினாலாம் எண். கிளிப் கொஞ்சம் இறுகிப்போயிருந்தது. அதைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அத்தை" என்றாள் வக்கீல், விரிப்பைக் கையில் பிடித்தபடியே, "உங்களைத்தான்."

திரும்பினாள். மாடிப்படிக் கதவில் சுண்டு நின்றாள். முகம் கடுகடுவென்று இருந்தது. பரணில் இருந்த பெட்டியை எப்படியோ தானே இறக்கித் திறந்திருக்கிறாள். இரண்டு கையிலும் அள்ளி வந்த சட்டைகள் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன.

"எத்தனை தடவை கூப்பிடுறது? ஏழாம் நம்பரைப் பிரிச்சுட்டா என் சட்டை எதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? எல்லாத்துலயும் திரும்பத் தச்சுக் கொடு."

"பெரியம்மா வீட்டுல நம்பர் வேண்டாமேடி" என்றாள் அத்தை.

"அங்க யாரு போறா?" என்றாள் சுண்டு. "நாளைக்கு ஸ்கூல் இருக்கு. ஒண்ணையாவது இப்பவே தச்சுக் கொடும்மா."

அத்தை அங்கேயே, தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள், மறைக்கவும் இல்லை. வக்கீல் ஓடிப்போய்ச் சிவப்பு நூலும் ஊசியும் கொண்டுவந்தாள். கண் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு யாரால் நூல் கோக்க முடியும்? மூன்று தடவை தவறவிட்டாள். கடைசியில் வக்கீல் கோத்துக் கொடுத்தாள், சுண்டு காலரை விரித்துப் பிடித்தாள், அம்மா ஏழாம் எண்ணைத் தைத்தாள்.