முரளி பீரங்கியைக் கழற்றிய காரணம்

முரளி எங்கள் அணியைக் காட்டிக்கொடுத்தான் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். அது பொய் என்று எனக்குத் தெரியும்... தெரிந்தேதான் சொன்னேன்.

நீங்கள் இந்த விளையாட்டை அறியாமல் இருக்கலாம். போனில் ஆடுவது. அணிக்கு ஐந்து பேர், ஆளுக்கொரு போர் ரொபோ. கனரக ரொபோ இவ்வளவு எடைதான் சுமக்கலாம் என்று வரம்பு உண்டு. பீரங்கியைப் பெரிதாக்கினால் கவசம் மெலிந்துவிடும். எல்லோரும் பீரங்கிக்குத்தான் ஆசைப்படுவார்கள். முரளி மட்டும் அதைக் கழற்றிவிட்டு, தாமாகவே எதிரியைத் தேடிப் போகும் ஏவுகணைகளைப் பூட்டினான். மிச்ச எடை முழுவதையும் கவசத்தில் போட்டான்.

ஏன் தெரியுமா? வட்டவளைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு சிக்னல் வரும், போகும். அவன் குறிபார்த்துச் சுடுவதற்குள் எதிரி இடம் மாறியிருப்பான். சிக்னல் போன அரை நிமிடமும் அடி வாங்கிக்கொண்டு நிற்க வேண்டுமே, அதற்குத்தான் அந்தக் கவசம். இது எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அதே லயத்தில் அவன் வீட்டை ஒட்டிய காம்பரா என்னுடையது.

ஆனால் அணியினருக்கு நான் ஹட்டன் டவுன்காரன். கினிகத்தேனையில் வேலை செய்யும் கடையின் இணையத்தில் விளையாடுவதால் எனக்குத் தடங்கலும் இல்லை. ஒருமுறை எங்கள் கப்டன், கொழும்புக்காரன், யாரையோ "தோட்டக்காட்டான் மாதிரி ஆடாத" என்று திட்டினான். எங்கள் தோட்டத்து மக்களை இழிவுபடுத்தும் சொல் அது. அன்றே என் ஊர் மாறிவிட்டது. என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே என்று முரளியிடம் கெஞ்சினேன். அவனும் ஏன் என்று கேட்காமல் சரி என்றான்.

இறுதிப் போட்டி ஒரு ஞாயிறு பிற்பகல். வட்டவளைப் பக்கம் அடைமழை. எங்கள் வாசலைக் காத்த முரளியின் ரொபோ திடீரென அசையாமல் நின்றது. எதிரிகள் அதன் பக்கத்தாலேயே நடந்து உள்ளே போனார்கள். தோற்றோம்.

"வேணும்னே நின்டிருக்கான்," என்றான் கப்டன் போனில். "அவன் ரொபோவப் பூட்டின விதத்துலயே எனக்கு டவுட். ஜெயிக்க நெனைக்கிறவன் பீரங்கிய எதுக்குக் கழட்டணும்? நீ என்ன சொல்ற?"

அங்கே மழை பெய்தால் சிக்னல் போய்விடும். அவ்வளவு சொன்னால் போதும். ஆனால் அது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால்?... மற்றவர்களை விட்டு என்னை ஏன் முதலில் கேட்டான்? என் மேலும் சந்தேகமோ?

"எனக்கும் டவுட்டுதாண்ணே," என்றேன்.

சிக்னல் திரும்பியபோது முரளி அணியில் இல்லை. விலைபோனவன் என்று மற்ற அணிகளுக்கும் சொல்லிவிட்டார்கள். தேயிலை ஃபெக்டரியில் நாளெல்லாம் நின்றுவிட்டு வருபவனுக்கு ஆசை என்று இருந்தது அது ஒன்றுதான். அதில் மண்ணை அள்ளிப் போட்டவன் நான்.

மறுநாள் காலை லயத்துப் பொதுக் குழாயான பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். முரளி வாளியோடு வந்தான்.

"எல்லாருஞ் சேந்து தொரத்திட்டானுங்கடா," என்றான். "போகட்டும். நீ மட்டும் எனக்காகப் பேசியிருப்ப, தெரியும்."

தெரிந்து சொன்னானா, தெரியாமல் சொன்னானா? அவன் முகத்தையே பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. இன்றுவரை பிடிபடவில்லை... துரோகம் செய்தவன் நான், சந்தேகப்படுவது அவனை!

"பேசினேன்டா," என்றேன். "அவனுங்க கேக்கல."

அவன் தலையாட்டினான். தன் வாளி நிரம்பியதும் என் வாளியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு லயத்தை நோக்கி நடந்தான். நான் வெறுங்கையோடு பின்னால் போனேன்.