கூண்டுக்குள் கேட்ட சத்தம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வெல்டர். போன மழைக்காலத்தில் எங்கள் பட்டறைக்கு ஒரு காவல் கூண்டு செய்யும் வேலை வந்தது. ஒரு ஆள் உள்ளே நின்று காவல் பார்க்கலாம். வெளியிலிருந்து சுட்டாலும் குண்டு துளைக்காது. அதற்கென்று வந்த தகடு சாதாரண இரும்பு மாதிரி இல்லை. பிரஸ்ஸில் வைத்து வளைத்தால், அழுத்தத்தை எடுத்ததும் கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும். சம்மட்டியால் அடித்தால் சம்மட்டிதான் எகிறும்.

நாலு மூலையும் பற்றவைத்து, சிறு ஜன்னலில் கண்ணாடியும் பொருத்தி, கதவைச் சாத்திவிட்டுப் போனோம்.

மறுநாள் மதியம் கரண்ட் இல்லை. மிஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. வெளியே மழை. எங்களிடம் கிரைண்டிங் வேலை பார்க்கும் மண்ணூர்பேட்டை அக்கா கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிசைந்த கை அப்படியே நின்றது.

“நைனா, உள்ள யார்னா கீறாங்களா?”

“யாரும் இல்லியேக்கா.”

“தட்றாங்களே.”

சிரிக்கப் போனேன். எனக்கும் கேட்டது. விரல் முட்டியால் தட்டுவது போல, உள்ளேயிருந்து ஒரு ‘டிக்’.

கதவைத் திறந்தேன். காலி. உள்ளே போய் மூலைமூலையாகப் பார்த்தேன். பின்னால் கதவு தன் கனத்திலேயே சாத்திக்கொண்டது. மழைச் சத்தம் அறுந்துபோயிற்று. என் மூச்சு மட்டும் நாலு சுவரிலும் பட்டுத் திரும்பியது. ஜன்னலுக்கு வெளியே அக்காவின் வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மூலையில் கையை ஊன்றினேன். உள்ளங்கைக்கு அடியில் யாரோ நெட்டி முறித்ததுபோல் இருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

சூப்பர்வைசர் வந்து, விரிசல் இருக்கிறதா என்று பார்க்க அந்த மூலையில் சிவப்புச் சாயம் பூசி, துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்தார். முடி கனத்துக்கு ஒரு சிவப்புக் கோடு மெல்ல ஊறி வந்தது.

“பத்தவச்சப்போ இது இல்ல. பத்தவைக்கிறப்போ மழை ஈரம் கொஞ்சம் உருகின இரும்புக்குள்ள போயிருக்கு. இந்த இரும்பு ஆறினப்புறம்தான் விரிசல் விடும்” என்றார்.

“அப்ப நேத்துலேர்ந்து உள்ளயே உடைஞ்சுகினு இருந்துதா?” என்றார் அக்கா. சூப்பர்வைசர் தலையாட்டினார்.

அந்த மூலையை வெட்டியெடுத்தோம். தகட்டை கேஸ் நெருப்பில் சூடாக்கி, மறுபடி பற்றவைத்து, மெதுவாக ஆற வெப்பப் போர்வை போர்த்தினோம். சில நாள் கழித்துச் சோதித்தபோது விரிசல் இல்லை. சத்தமும் இல்லை.

ஆனாலும் உள்பக்கம் கிரைண்டிங் செய்யப் போகும்போதெல்லாம் அக்கா கதவைத் தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பார். அவர் நுழையும்வரை நானும் கூடவே நிற்பேன்.