மூன்றாவது மாடி ஏறிய குரல்

கோட்டூர்புரத்தில் அடையாற்றை ஒட்டினாற்போல எங்கள் குடியிருப்பு. மூன்றாவது மாடியில் என் வீட்டுக்கு நேர் எதிர்வீடு பூஜாவுடையது. கரப்பான் பூச்சி ஓடினால் ப்ளாக்கே அதிரும்படி கத்துகிற பெண் அவள். இந்தப் பெண்ணுக்குத் தைரியம் ஜாஸ்தி என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நானே விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

அவள் அம்மா குமுதா மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தபோது பூஜா ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எங்களுக்கெல்லாம் அதுவே பயமாக இருந்தது. அமரர் ஊர்தியின் கதவைச் சாத்தப்போன நேரம், தினமும் குமுதா வேலைக்குக் கிளம்பும்போது சொல்கிற மாதிரியே, "போய்ட்டு வாம்மா" என்று சொல்லிவிட்டாள்.

மேளக்காரர்கள் கை அப்படியே நின்றுவிட்டது. சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது நாமே "வரேன்" என்று சொல்ல மாட்டோம். இவள் செத்தவளையே வரச் சொல்லிவிட்டாள். பாவம், குழந்தைக்கு என்ன தெரியும்?

ஆற்றோரத்தில் குடியிருக்கிறவர்களுக்கு இதெல்லாம் விளையாட்டு இல்லை. எங்கள் வாட்ச்மேன் வேதாந்தம் இப்படித்தான் போனார். செத்துப்போன தம்பி கூப்பிடுகிறான் என்று பதில் கொடுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அவரை ஆற்றிலிருந்துதான் தூக்கினார்கள். கூப்பிடுகிற குரல் முதலில் கீழே வாசலில் நிற்கும். பதில் சொன்னால் ஒரு மாடி ஏறும். வீட்டுக் கதவுவரை வந்துவிட்டால், திறக்கிறவரைக் கூட்டிக்கொண்டுதான் இறங்கும். அதைத் திருப்பி அனுப்புகிற வழி எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும், எனக்கொன்றும் நஷ்டமில்லை.

குமுதாவின் சாம்பலை ஆறு கடலில் சேரும் இடத்தில் கரைத்தார்கள். காரியம் முடிந்த மறுநாள், விளக்கு வைக்கிற நேரத்தில், கீழே வாசலில் தண்ணீர் சொட்டுகிற சத்தம். கூடவே, "பூஜா" என்று ஒரு குரல். பிள்ளை தன் வாயைத் தானே பொத்திக்கொண்டதை என் வாசலிலிருந்து பார்த்தேன். ஆனால் அவள் அப்பன் பஞ்சாட்சரம் பால்கனிக்கு ஓடினான். "குமுதா, இங்கதான் கீறோம்!" என்று கத்தினான். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அடுத்த நாள் குரல் முதல் மாடியில் நின்றது. அதற்கும் பதில் சொன்னான். அதற்கடுத்த நாள் இரண்டாம் மாடி. அவன் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டான். அடுப்புப் பற்றவைக்கவே இல்லை. நான் சாப்பாடு கொண்டுபோனால், குமுதா வந்து ஆக்கிப் போடுவாள் என்று திருப்பிக் கொடுத்தான். பெற்ற பெண் பட்டினி கிடக்கிறாளே, உனக்கு மண்டையில் மூளை இருக்கிறதா என்று கேட்டேன். கதவைச் சாத்திவிட்டான். பூஜாவுக்கு ஸ்கூல் மதியச் சாப்பாடு ஒன்றுதான் கதி.

மறுநாள் சாயங்காலம் ஸ்கூல் பையோடு படியேறி வந்தவள் என் பக்கத்தில் நின்றாள். பார்வை தரையில் இருந்தது.

"அத்தை, இன்னிக்கு எங்க மாடி. நான்தான கூப்ட்டேன்? அப்பாவ இட்டுனு போய்டுமா?"

அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது, பேசாமல் போ என்றேன். வேறென்ன சொல்வது? அவள் அப்பன் உள்ளே முகம் மழித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தான்.

இருட்டத் தொடங்கியது. நான் கதவைத் தாழிட்டு, அதிலிருந்த கண்ணாடித் துளையில் கண்ணை வைத்தேன். படிக்கட்டில் ஆளே இல்லை. ஈரக் காலடி மட்டும் ஒவ்வொரு படியாக ஏறி வந்தது. ஆற்றுச் சேற்று வாடை என் வீட்டுக்குள்ளேயே அடித்தது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஐயோ, போய்விட்டான் என்று நினைத்தேன்.

வந்தது பூஜா. ஸ்கூல் யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை. கதவை இழுத்துச் சாத்தி, வெளித் தாழ்ப்பாளைப் போட்டு, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே பஞ்சாட்சரம் கதவை இடித்து இடித்து அழுதான். வெளியே போய் அவளை இழுத்துவர வேண்டும் என்றுதான் எனக்கும் இருந்தது. தாழ்ப்பாளைப் பாதிவரை இழுத்தவள், திரும்பவும் தள்ளிவிட்டேன்.

"நவுரு கண்ணு. அப்பாவ இட்டுனு போறேன்."

பேய்க் குரலாக இருந்திருந்தால்கூடத் தேவலை. என்னிடம் காப்பித்தூள் கேட்டு வருகிற அதே குமுதாவின் குரல். பூஜாவின் பாவாடை மடிப்பெல்லாம் நடுங்கியது. தலையை மட்டும் மாட்டேன் என்று ஆட்டினாள். ஈரக் கால்தடம் இன்னும் ஒரு அடி முன்னால் வந்தது. அவள் நகரவில்லை.

பிறகு அந்தக் குரல் தணிந்தது.

"துன்னியா கண்ணு?"

அம்மா செத்த அன்றைக்கு அழாத பிள்ளைக்கு அப்போதுதான் கண்ணீர் வந்தது. மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"துன்னுட்டேம்மா. நானே ஆக்குனேன். அப்பாவும் துன்னுச்சு. நாங்க நல்லாத்தான் கீறோம். நீ போம்மா."

"ரெண்டு பேருமா?"

"ஆமாம்மா. ரெண்டு பேரும்."

ஈரத் தடம் மெல்லத் திரும்பியது. ஒவ்வொரு படியாக இறங்கியது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு தடவை நின்றது, பிறகு எதுவும் கேட்கவில்லை.

நான் கதவைத் திறந்தபோது அவள் தாழ்ப்பாளை எடுத்துக்கொண்டிருந்தாள். பஞ்சாட்சரம் நிலைப்படியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தான். அவனைத் தாண்டி நேராகச் சமையலறைக்குப் போனவள், அரிசி போட்ட குண்டானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள்.

"அத்தை, இதுக்கு எவ்ளோ தண்ணி ஊத்தணும்? சீக்கிரம் சொல்லு. அம்மாகிட்ட பொய் சொல்லிட்டேன்."